ரெட் ஹாட் சிலி பெப்பர்ஸின் தொடக்ககாலப் பதிவுகள்

ரெட் ஹாட் சிலி பெப்பர்ஸ் என்பது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சேர்ந்த ஒரு ராக் இசைக்குழு ஆகும். 1983 முதல் 1988 வரையான காலத்தில் இக்குழு பதிவு செய்த பாடல்கள் அதன் தொடக்ககாலப் பதிவுகள் எனப்படுகின்றன. ஒரு மாதிரிப் பதிவு, மூன்று முழு இசைத்தொகுப்புகள், ஒரு குறுந்தொகுப்பு ஆகியன இவற்றுள் அடங்கும். ஃபங்க் இசையின் தாளக்கட்டு, பங்க் ராக்கின் வேகம், ராப் பாணியில் அமைந்த ஒப்புவிப்பு, சிறுபிள்ளை விளையாட்டை ஒத்த வேடிக்கை ஆகிய நான்கும் இப்பதிவுகளில் ஒன்றாகக் கலந்துள்ளன.

1991 ஆம் ஆண்டில் வெளியான "பிளட் சுகர் செக்ஸ் மாஜிக்" இசைத்தொகுப்புக்குப் பின்னரே இக்குழு உலகப் புகழ் பெற்றது. எனவே பெரும்பாலான நேயர்கள் "அண்டர் த பிரிட்ஜ்" போன்ற மெல்லிய பாடல்கள் வழியாகவே இக்குழுவை அறிவர். தொடக்ககாலப் பதிவுகள் பயிற்சிக் காலத்து முயற்சிகளாக மட்டுமே கருதப்படுவதும் உண்டு. ஆயினும் இவற்றில் காணப்படும் வேடிக்கை இசையின் மேல் பூசப்பட்ட மெருகு அன்று. வெவ்வேறு இசை வகைகளை அச்சமின்றி ஒன்று சேர்ப்பதற்கு இக்குழு கையாண்ட வழியே அது எனலாம். மேலும், குழுவின் முதல் கித்தார் கலைஞரான ஹில்லெல் ஸ்லோவாக் 26 ஆவது வயதில் மறைந்தார். இக்குழுவுக்காக அவர் வாசித்தவை அனைத்தும் இக்காலப் பதிவுகளிலேயே உள்ளன.

பின்னணி

தமிழ் எழுத்தில் ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றும் ஃபங்க், பங்க் ஆகிய இரு சொற்களும் முற்றிலும் வேறான இசை வகைகளைக் குறிப்பன. ஃபங்க் 1960களில் ஜேம்ஸ் பிரவுன் போன்ற ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர்களால் உருவாக்கப்பட்டது. நான்கு அடிகள் கொண்ட தாளச் சுற்றின் முதல் அடிக்குக் கூடுதல் அழுத்தம் தருவதும், ஒவ்வொரு இசைக்கருவியையும் தாளக்கருவி போலவே கையாள்வதும் அதன் இயல்புகள். பங்க் ராக் 1970களின் நடுப்பகுதியில் நியூயார்க்கிலும் இலண்டனிலும் எழுந்தது. குறுகிய பாடல்கள், மிகுந்த வேகம், தேர்ச்சியைவிடத் துணிவுக்கு முதலிடம் தருதல் ஆகியன அதன் அடையாளங்கள்.

ராக் இசையையும் ஃபங்க் இசையையும் இணைக்கும் முயற்சி ரெட் ஹாட் சிலி பெப்பர்ஸுடன் தொடங்கியதன்று. சிலை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன், ஜார்ஜ் கிளிண்டன் தலைமையிலான ஃபங்கடெலிக் ஆகிய குழுக்கள் 1960களின் இறுதியிலும் 1970களிலும் இதனைச் செய்திருந்தன. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த கேங் ஆஃப் ஃபோர் என்னும் குழு, பங்க் மரபிலிருந்து புறப்பட்டு ஃபங்க் தாளங்களைக் கையாண்டது. லாஸ் ஏஞ்சலஸில் ஃபிஷ்போன் குழுவும் சான் பிரான்சிஸ்கோவில் ஃபெய்த் நோ மோர் குழுவும் இதே காலத்தில் இத்தகைய கலப்பு இசையில் ஈடுபட்டிருந்தன.

குழுவின் தோற்றம்

பாடகர் ஆந்தனி கீடிஸ், பேஸ் கித்தார் கலைஞர் ஃபிளீ, கித்தார் கலைஞர் ஹில்லெல் ஸ்லோவாக், டிரம்ஸ் கலைஞர் ஜாக் அயர்ன்ஸ் ஆகிய நால்வரும் லாஸ் ஏஞ்சலஸின் ஃபேர்ஃபாக்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற நண்பர்கள் ஆவர். ஃபிளீயின் இயற்பெயர் மைக்கேல் பால்சரி. ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் பிறந்த இவர் சிறு வயதில் டிரம்பெட் வாசித்தவர். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பிறந்த ஸ்லோவாக்கே இவருக்கு பேஸ் கித்தார் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்.

இக்குழு நிலையான ஒன்றாக இருக்கும் எண்ணத்துடன் தொடங்கப்படவில்லை. வேறொரு கலைஞரின் நிகழ்ச்சிக்கு முன்னர் ஒரே ஒரு பாடலை வழங்குவதற்காக நண்பர்கள் நால்வரும் ரிதம் லவுஞ்ச் என்னும் அரங்கில் கூடினர். அப்போது குழுவுக்கு "டோனி ஃபுளோ அண்ட் த மிராக்குலஸ்லி மெஜஸ்டிக் மாஸ்டர்ஸ் ஆஃப் மேஹெம்" என்னும் நீண்ட வேடிக்கைப் பெயர் சூட்டப்பட்டிருந்தது. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் த ஃபியூரியஸ் ஃபைவ் என்னும் ராப் குழுவால் கவரப்பட்டிருந்த கீடிஸ், தாம் எழுதிய வரிகளை இசைக்கு ஏற்ப வேகமாக ஒப்புவித்தார். அதுவே "அவுட் இன் எல்.ஏ." என்னும் பாடல் ஆயிற்று. கிடைத்த வரவேற்பினால் மீண்டும் அழைக்கப்பட்ட குழு, 1983 ஆம் ஆண்டில் இன்றைய பெயரை ஏற்றுக்கொண்டது.

1983 மாதிரிப் பதிவு

1983 ஆம் ஆண்டு மே மாதத்தில் குழுவினர் ஆறு பாடல்களைப் பதிவு செய்தனர். ஃபியர் என்னும் பங்க் குழுவின் டிரம்ஸ் கலைஞரான ஸ்பிட் ஸ்டிக்ஸ் இப்பதிவினைத் தயாரித்தார். ஃபிளீயும் அக்குழுவில் சில காலம் வாசித்தவர் ஆவார். "அவுட் இன் எல்.ஏ.", "கெட் அப் அண்ட் ஜம்ப்", "கிரீன் ஹெவன்", "போலீஸ் ஹெலிகாப்டர்" ஆகியன இப்பதிவில் உள்ள பாடல்களுள் சில. இவை வெளியீட்டுக்காக அன்றி, இசைத்தட்டு நிறுவனங்களுக்குப் போட்டுக் காட்டுவதற்காகவே பதிவு செய்யப்பட்டன.

எனினும், நான்கு நண்பர்களும் ஒரே அறையில் நின்று வாசிப்பது போன்ற நெருக்கம் இப்பதிவில் தெளிவாகக் கேட்கிறது. பாடல்கள் விரைந்து தொடங்கி விரைந்து முடிகின்றன. "போலீஸ் ஹெலிகாப்டர்" ஏறத்தாழ ஒன்றேகால் நிமிடமே நீளும் பாடலாகும். நகரின் மேலே வட்டமிடும் காவல்துறை உலங்கூர்தியின் ஓயாத இரைச்சலைக் கித்தாரும் டிரம்ஸும் பாவனை செய்கின்றன. "கிரீன் ஹெவன்" மனிதரின் வன்முறையையும் கடலடியில் வாழும் ஓங்கில்களின் அமைதியையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறது. விளையாட்டாகத் தோன்றும் இக்குழு தொடக்கத்திலேயே சமூகப் பொருளையும் தொட்டது என்பதற்கு இப்பாடல் சான்றாகும்.

முதல் இசைத்தொகுப்பு (1984)

ஈ.எம்.ஐ. நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்ட வேளையில் ஒரு சிக்கல் எழுந்தது. ஸ்லோவாக்கும் அயர்ன்ஸும் "வாட் இஸ் திஸ்?" என்னும் மற்றொரு குழுவிலும் இருந்தனர். அக்குழுவுக்கும் வேறொரு நிறுவனத்தின் ஒப்பந்தம் கிடைக்கவே, இருவரும் அதிலேயே தொடர்ந்தனர். அவர்களுக்குப் பதிலாக ஜாக் ஷெர்மன் கித்தார் வாசிக்கவும், கிளிஃப் மார்ட்டினெஸ் டிரம்ஸ் வாசிக்கவும் சேர்க்கப்பட்டனர்.

குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் இசைத்தொகுப்பு 1984 ஆகஸ்டு 10 அன்று வெளியானது. கேங் ஆஃப் ஃபோர் குழுவின் கித்தார் கலைஞரான ஆண்டி கில் இதனைத் தயாரித்தார். தாங்கள் பெரிதும் மதித்த குழுவைச் சேர்ந்தவர் என்பதால் கீடிஸும் ஃபிளீயும் அவரை ஆவலுடன் எதிர்பார்த்தனர். ஆனால் வானொலியில் ஒலிபரப்பத்தக்க சீரான ஒலியை கில் விரும்பினார். குழுவினரோ மேடையில் தாங்கள் எழுப்பிய முரட்டு ஒலியே வேண்டும் என்றனர். கில்லின் குறிப்பேட்டில் "போலீஸ் ஹெலிகாப்டர்" பாடலுக்கு எதிரே ஓர் இழிவான சொல் எழுதப்பட்டிருந்ததைக் கண்டு தாம் மனமுடைந்ததாகக் கீடிஸ் தமது தன்வரலாற்றில் எழுதியுள்ளார்.

முதல் தொகுப்பு மாதிரிப் பதிவின் ஆற்றலை எட்டவில்லை என்பது குழுவினர் பின்னாளில் தெரிவித்த கருத்தாகும். ஒரே பாடலின் இரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்போர் இவ்வேறுபாட்டை எளிதில் உணரலாம். சுரங்கள் சற்றும் பிசகாத 1984 வடிவத்தில் கருவிகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி ஒலிக்கின்றன. மாதிரிப் பதிவில் அவை ஒன்றையொன்று துரத்துகின்றன.

எனினும் இத்தொகுப்பைப் பயனற்றது என ஒதுக்கிவிட இயலாது. "ட்ரூ மென் டோன்ட் கில் கயோட்டீஸ்" பாடலில் கித்தாரும் பேஸ் கித்தாரும் கூர்மையாகப் பிணைந்துள்ளன. நாட்டுப்புற இசைப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் 1950 இல் வெளியிட்ட "வை டோன்ட் யூ லவ் மீ" என்னும் பாடலை ஃபங்க் தாளத்துக்கு மாற்றியது துணிவான விளையாட்டு ஆகும். "யூ ஆல்வேஸ் சிங் த சேம்" அரை நிமிடத்துக்கும் குறைவான பாடல். "கிராண்ட் பாப்பி டூ பிளெண்ட்டி" குரலில்லாத, மெதுவாக நகரும் இசைக்கோவை. அட்டைப்படத்தை வரைந்தவர் சித்திரக்கதை ஓவியர் கேரி பேண்டர்.

ஃபிரீக்கி ஸ்டைலி (1985)

1985 ஆம் ஆண்டில் ஸ்லோவாக் குழுவுக்குத் திரும்பினார். இரண்டாவது தொகுப்பைத் தயாரிக்க ஜார்ஜ் கிளிண்டன் ஒப்புக்கொண்டார். ஃபங்க் இசையை அதனை வளர்த்த முன்னோடி ஒருவரிடமே நேரில் கற்கும் வாய்ப்பு இதனால் குழுவினருக்குக் கிடைத்தது. டிட்ராய்ட் நகரின் யுனைட்டெட் சவுண்ட் சிஸ்டம்ஸ் கலையகத்தில் பதிவு நடைபெற்றது. முன்னர் ஜேம்ஸ் பிரவுனுடன் வாசித்த மேசியோ பார்க்கர் சாக்சபோனும், ஃபிரெட் வெஸ்லி டிரோம்போனும் வாசித்தனர். தொகுப்பு 1985 ஆகஸ்டு 16 அன்று வெளியானது.

கிளிண்டன் குழுவினரின் வேடிக்கையை அடக்கவில்லை, அதற்கு இடமளித்தார். கலையகத்தில் கூடியிருந்தோரின் பேச்சும் கூச்சலும் பாடல்களில் சேர்க்கப்பட்டன. தாளத்தின் வேகம் குறைக்கப்பட்டது. முதல் தொகுப்பில் ஓடிக்கொண்டே இருந்த குழு, இத்தொகுப்பில் நடக்கவும் ஆடவும் கற்றுக்கொண்டது எனலாம்.

இத்தொகுப்பின் மூன்று பாடல்கள் பிறருடைய ஆக்கங்களிலிருந்து பிறந்தவை:

- "ஹாலிவுட்" – நியூ ஆர்லியன்ஸ் நகரின் த மீட்டர்ஸ் குழுவினர் 1974 இல் வெளியிட்ட "ஆப்பிரிக்கா" என்னும் பாடலின் மாற்று வடிவம். ஆப்பிரிக்க அமெரிக்கர் தம் முன்னோரின் கண்டத்துக்காக ஏங்கிய அப்பாடலில், லாஸ் ஏஞ்சலஸ் இளைஞர்கள் தங்கள் சொந்தப் பகுதியான ஹாலிவுட்டைப் பொருத்தினர். இவ்வாறு மாற்றும் யோசனையைக் கூறியவர் கிளிண்டன் என்று கீடிஸ் எழுதியுள்ளார்.
- "இஃப் யூ வான்ட் மீ டு ஸ்டே" – சிலை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவின் 1973 ஆம் ஆண்டுப் பாடல்.
- "யெர்ட்டில் த டர்ட்டில்" – டாக்டர் சூஸ் 1958 இல் வெளியிட்ட சிறுவர் கதையை அடிப்படையாகக் கொண்டது. குளத்து ஆமைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அரியணை அமைத்துக்கொண்ட ஆமை அரசனின் வீழ்ச்சியை அக்கதை கூறுகிறது. யெர்ட்டில் என்னும் அந்த அரசன் ஹிட்லரைக் குறிப்பதாக அதன் ஆசிரியரே தெரிவித்துள்ளார்.

ஆமைக் கதையை ஃபங்க் பாடலாக்கியது இக்காலப் பதிவுகளின் இயல்பை நன்கு விளக்கும் எடுத்துக்காட்டாகும். கதையின் எதுகை வரிகள் இயல்பாகவே தாளத்தில் அமர்கின்றன. ஊதுகருவிகள் அரசனின் ஆரவாரத்தை எள்ளி நகையாடுகின்றன. பாடல் சிரிப்பை விளைவிக்கிறது. ஆனால் இசைக்கலைஞர்கள் தாளத்தில் சிறிதும் விளையாடவில்லை. வேடிக்கை சொல்லிலும் குரலிலும் இருக்க, வாசிப்பு முற்றிலும் ஒழுங்குடன் செல்கிறது.

இத்தொகுப்பில் கால் நிமிடத்துக்கும் குறைவான "தர்ட்டி டர்ட்டி பேர்ட்ஸ்" என்னும் பேச்சுத் துணுக்கும் உண்டு. குழுவை விட்டு நீங்கியிருந்த ஷெர்மனும் இத்தொகுப்பின் சில பாடல்களின் ஆக்கத்தில் பங்கு பெற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

தி அப்லிஃப்ட் மோஃபோ பார்ட்டி பிளான் (1987)

1986 இல் ஜாக் அயர்ன்ஸும் திரும்பியதால் தொடக்கக் குழுவினர் நால்வரும் மீண்டும் ஒன்று சேர்ந்தனர். நால்வரும் இணைந்து உருவாக்கிய ஒரே முழு இசைத்தொகுப்பு இதுவே ஆகும். மைக்கேல் பெய்ன்ஹார்ன் தயாரித்த இத்தொகுப்பு 1987 செப்டம்பர் 29 அன்று வெளியானது. பில்போர்டு 200 பட்டியலில் இடம்பெற்ற இக்குழுவின் முதல் தொகுப்பும் இதுவே. அதில் 148 ஆவது இடம் வரை சென்றது.

இக்காலத்தில் கீடிஸும் ஸ்லோவாக்கும் ஹெராயின் பழக்கத்துக்கு அடிமையாகியிருந்தனர். கீடிஸ் சிறிது காலம் குழுவிலிருந்து நீக்கப்பட்டு, சிகிச்சை பெற்றுத் திரும்பினார். தொகுப்பின் முதல் பாடலான "ஃபைட் லைக் எ பிரேவ்" போதைப் பழக்கத்தை எதிர்த்துப் போராடுவதைப் பற்றியது. அதாவது, கொண்டாட்டத்தைத் தலைப்பில் கொண்ட ஒரு தொகுப்பு எச்சரிக்கையுடன் தொடங்குகிறது.

பிற பாடல்களுள் சில:

- "பேக்வுட்ஸ்" – ராக் இசையின் வேர்கள் ஆப்பிரிக்க அமெரிக்க இசையில் இருப்பதை நினைவுகூர்வது.
- "ஸ்கின்னி ஸ்வெட்டி மேன்" – ஸ்லோவாக்கைக் கேலி செய்து நண்பர்கள் பாடியது.
- "ஃபங்கி கிரைம்" – வாயில் வைத்த குழாயின் வழியே கித்தாரின் ஒலியைப் பேச்சு போல மாற்றும் கருவியை ஸ்லோவாக் பயன்படுத்தியது.
- "பிஹைண்ட் த சன்" – ஸ்லோவாக் சித்தார் வாசித்த, இனிய மெட்டமைப்பு கொண்ட பாடல். குழுவின் பிற்கால மெல்லிசைப் பாங்குக்கு இது முன்னோடி எனலாம். 1992 இல் இது தனிப்பாடலாக வெளியிடப்பட்டது.
- "லவ் ட்ரிலஜி" – மெதுவான ரெகே போன்ற தாளத்தில் தொடங்கி, ஃபங்க் வழியாகக் கடும் வேகத்தை அடைந்து முடிவது.
- "சப்டெரேனியன் ஹோம்சிக் புளூஸ்" – பாப் டிலன் 1965 இல் வெளியிட்ட பாடல். சொற்களை மூச்சுவிடாமல் அடுக்கும் டிலனின் முறை ராப் ஒப்புவிப்புக்கு எத்துணை நெருக்கமானது என்பதை இவ்வடிவம் காட்டுகிறது.

இசைக் கூறுகள்

பேஸ் கித்தார்: பெரும்பாலான ராக் பாடல்களில் பேஸ் கித்தார் பின்னணியில் ஒலிக்கும். இப்பதிவுகளிலோ அதுவே முன்னிலையில் உள்ளது. கட்டைவிரலால் தடித்த தந்தியை அடித்து, சுட்டுவிரலால் மெல்லிய தந்தியை இழுத்து விடும் முறையை ஃபிளீ மிகுதியாகக் கையாண்டார். சிலை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவின் லாரி கிரகாம் பரவச்செய்த இம்முறையை ஃபிளீ பங்க் இசையின் வேகத்துக்கு உயர்த்தினார். "கெட் அப் அண்ட் ஜம்ப்" இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

கித்தார்: ஸ்லோவாக் ஒரே பாடலில் இரண்டு பணிகளைச் செய்தார். தந்திகளை இடக்கையால் அமுக்கி, உரசல் போன்ற குறுகிய ஒலிகளால் தாளம் இடுவது ஒன்று. ஜிமி ஹென்ட்ரிக்ஸை நினைவூட்டும் நீண்ட, முரட்டு இழைகளை எழுப்புவது மற்றொன்று. பேஸ் கித்தார் நிறைய வாசிக்கும் இடங்களில் கித்தார் ஒதுங்கி நிற்பதும், அது ஓயும்போது கித்தார் முன்வருவதும் கவனிக்கத்தக்கன.

குரல்: கீடிஸ் இக்காலத்தில் மெட்டுக்கு முதன்மை தரவில்லை. சொற்களின் ஓசையையே தாளக்கருவி போலப் பயன்படுத்தினார். எனவே பொருளற்ற ஒலிகளும் தாமாகப் படைத்த சொற்களும் பாடல்களில் தாராளமாக வருகின்றன.

நகைச்சுவையும் விமர்சனமும்

காலுறையைத் தவிர வேறு ஆடையின்றி மேடையேறியமை இக்குழுவுக்கு விளம்பரத்தைத் தேடித்தந்தது. 1988 இல் வெளியான "தி அபே ரோட் ஈ.பி." குறுந்தொகுப்பின் அட்டைப்படத்தில், பீட்டில்ஸ் குழுவின் புகழ்பெற்ற பாதசாரிக் கடவைப் படத்தை அதே கோலத்தில் நால்வரும் நகல் செய்தனர். இத்தகைய செயல்களால் சிலர் இக்குழுவை வெறும் கோமாளிகளாகக் கருதினர். அதன் இசைத்திறன் கவனிக்கப்படாமல் போனது.

மற்றொரு விமர்சனம் இதனினும் வலுவானது. இக்காலப் பாடல்கள் பலவற்றில் பாலியல் வேடிக்கை மிகுந்துள்ளது. பெண்களையும், "கத்தோலிக் ஸ்கூல் கேர்ல்ஸ் ரூல்" பாடலில் பள்ளி மாணவிகளையும் நோக்கும் பார்வை பிற்காலத்தில் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. 1987 தொகுப்பின் ஒரு பாடலுக்கு இட்ட ஆபாசத் தலைப்பை நிறுவனம் ஏற்க மறுத்ததால், "ஸ்பெஷல் சீக்ரெட் சாங் இன்சைட்" என்னும் மறைமுகத் தலைப்பு வழங்கப்பட்டது. ஆமைக் கதையில் அதிகாரத்தை எள்ளிய அதே சிரிப்பு, இத்தகைய பாடல்களில் வலிமை குறைந்தோரை நோக்கித் திரும்புகிறது. இப்பதிவுகளின் விளையாட்டு மனநிலையைச் சுவைப்போர் இவ்வேறுபாட்டையும் கருத்திற்கொள்வது பொருத்தமானது.

ஸ்லோவாக்கின் மறைவு

1988 சூன் 25 அன்று, ஐரோப்பியச் சுற்றுப்பயணம் முடிந்து திரும்பிய பின்னர், ஹில்லெல் ஸ்லோவாக் அளவுக்கு மீறிய ஹெராயினால் உயிரிழந்தார். துயரம் தாளாத அயர்ன்ஸ் குழுவை விட்டு விலகினார். பள்ளி நண்பர்களின் குழுவாக இருந்த ரெட் ஹாட் சிலி பெப்பர்ஸ் அத்துடன் முடிவுக்கு வந்தது எனலாம்.

பின்னர், இக்குழுவின் தீவிர நேயராக இருந்து ஸ்லோவாக்கின் வாசிப்பைக் கேட்டே கற்ற ஜான் ஃபுருசியான்டே 18 ஆவது வயதில் கித்தார் கலைஞராகச் சேர்ந்தார். டிரம்ஸ் கலைஞராகச் சாட் ஸ்மித் இணைந்தார். இவர்களுடன் 1989 இல் வெளியான "மதர்ஸ் மில்க்" தொகுப்பில், ஸ்லோவாக்கும் அயர்ன்ஸும் முன்னர் வாசித்திருந்த ஹென்ட்ரிக்ஸின் "ஃபயர்" பாடலும் சேர்க்கப்பட்டது. அதிலுள்ள "நாக் மீ டவுன்", 1991 ஆம் ஆண்டின் "மை லவ்லி மேன்" ஆகியன ஸ்லோவாக்கின் நினைவாக எழுந்த பாடல்கள். அவருடைய நாட்குறிப்புகளும் ஓவியங்களும் 1999 இல் "பிஹைண்ட் த சன்" என்னும் பெயரில் நூலாக வெளிவந்தன.

ஒருவர் மற்றவரைக் கேலி செய்து பாடிய "ஸ்கின்னி ஸ்வெட்டி மேன்" போன்ற பாடல்கள் இம்மறைவுக்குப் பின் வேறு பொருள் பெறுகின்றன. வெளியானபோது நண்பர்களின் விளையாட்டாக மட்டும் ஒலித்த அப்பாடல், இன்று ஸ்லோவாக்கைப் பற்றி அவர் உயிருடன் இருந்தபோதே நண்பர்கள் தீட்டிய சொல்லோவியமாக விளங்குகிறது.

மறுவெளியீடுகளும் பிற்கால மதிப்பீடும்

1992 இல் "வாட் ஹிட்ஸ்!?" என்னும் தேர்ந்தெடுத்த பாடல்களின் தொகுப்பு வெளியானது. பெரும்பாலும் முன்னர் பெரும் வெற்றி எதுவும் பெறாத பாடல்களைக் கொண்ட தொகுப்புக்கு, வெற்றிப் பாடல்கள் எங்கே என வினவுவது போன்ற இத்தலைப்பு இடப்பட்டது. 1994 இல் வெளியான "அவுட் இன் எல்.ஏ." தொகுப்பின் வழியாக 1983 மாதிரிப் பதிவு பொதுமக்களுக்குக் கிடைத்தது. கருவிகளின்றிப் பாடிய சில துணுக்குகளும் அதில் உள்ளன. 2003 இல் முதல் நான்கு தொகுப்புகளும் ஒலிச் செம்மை செய்யப்பட்டுக் கூடுதல் பாடல்களுடன் மீண்டும் வெளியாயின.

2012 இல் இக்குழு ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது ஸ்லோவாக், அயர்ன்ஸ், மார்ட்டினெஸ் ஆகியோரும் சிறப்பிக்கப்பட்டனர். முதல் தொகுப்பில் வாசித்த ஷெர்மன் சேர்க்கப்படவில்லை. அவரும் அத்தொகுப்பின் தயாரிப்பாளரான ஆண்டி கில்லும் 2020 ஆம் ஆண்டில் காலமாயினர். மார்ட்டினெஸ் "டிராஃபிக்" (2000), "டிரைவ்" (2011) முதலிய திரைப்படங்களின் இசையமைப்பாளராகப் புகழ் பெற்றார். அயர்ன்ஸ் 1990களில் பேர்ல் ஜாம் குழுவில் வாசித்தார். கீடிஸின் "ஸ்கார் டிஷ்யூ" (2004), ஃபிளீயின் "ஆசிட் ஃபார் த சில்ட்ரன்" (2019) ஆகிய தன்வரலாற்று நூல்கள் இக்காலத்து நட்பையும் இசையையும் அறிய உதவுகின்றன.

தொடக்ககாலப் பதிவுகளின் பட்டியல்

- மாதிரிப் பதிவு – மே 1983 – தயாரிப்பு: ஸ்பிட் ஸ்டிக்ஸ்
- தி ரெட் ஹாட் சிலி பெப்பர்ஸ் – ஆகஸ்டு 1984 – தயாரிப்பு: ஆண்டி கில்
- ஃபிரீக்கி ஸ்டைலி – ஆகஸ்டு 1985 – தயாரிப்பு: ஜார்ஜ் கிளிண்டன்
- தி அப்லிஃப்ட் மோஃபோ பார்ட்டி பிளான் – செப்டம்பர் 1987 – தயாரிப்பு: மைக்கேல் பெய்ன்ஹார்ன்
- தி அபே ரோட் ஈ.பி. – 1988 – குறுந்தொகுப்பு